எண்கணிதச் செயற்குறிகளில் கான்ஸ்ட்

சி++ மொழியில் இரண்டு டபுள் எண்களைக் கூட்டினால் அவை இரண்டும் அப்படியே இருக்கும். விடை புதிதாகக் கிடைக்கும். கூட்டற்குறியின் எந்தப் பக்கத்திலும் மாறி இருக்கலாம், மாறிலி இருக்கலாம், வேறொரு கணக்கின் விடையும் இருக்கலாம். அந்த விடையின் மேல் இன்னொரு மதிப்பை இருத்த முடியாது; (அ + ஆ) = இ என்று எழுதினால் கம்பைலர் ஏற்காது. வெக்டர், அணி, கலப்பெண் ஆகியவற்றுக்கு இனக்குழு எழுதி, அதே குறிகளுக்குப் பணிமிகுப்புச் செய்யும்போது இந்த நடத்தை எதுவும் தானாக வருவதில்லை. எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதை இனக்குழுவை எழுதுபவர்தான் ஒவ்வோர் இடத்திலும் கான்ஸ்ட் இட்டோ இடாமலோ சொல்ல வேண்டும். செயற்குறிக்குள் வரும் அளபுருக்களுக்குக் கான்ஸ்ட் கட்டாயம். வெளியே போகும் விடைக்கு அது இன்று கேடு. ஆனால் எண்கணித நிரல்களில் பிழையான விடையைச் சத்தமில்லாமல் தருகிற தவறுகள் பலவும் கான்ஸ்ட் காவல் காக்காத இடத்தில்தான் நிகழ்கின்றன. இந்த மூன்றாவது செய்திக்குப் பாடநூல்கள் தரும் இடம் மிகக் குறைவு.

கான்ஸ்ட், ரெஃபரன்ஸ், செயற்குறிப் பணிமிகுப்பு ஆகிய மூன்றும் சி++ மொழியில் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தவை. பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப் 1979இல் பெல் ஆய்வகத்தில் ‘சி வித் கிளாசஸ்’ என்று தொடங்கிய மொழியில் இவை இல்லை. படிக்க மட்டும், எழுத மட்டும் என்று இருவகைக் கட்டுப்பாடுகளை அவர் 1981இல் ஆய்வகத்துக்குள் முன்மொழிந்தார். முதலாவது கான்ஸ்ட் என்ற பெயரில் நிலைத்து, 1989இன் ஆன்சி சி தரநிலைக்கும் போய்ச் சேர்ந்தது. ரெஃபரன்ஸ் பிறந்ததே பணிமிகுப்புக்காகத்தான். பெரிய பொருளை நகலெடுக்காமல் செயற்குறிக்கு அனுப்ப வேண்டும்; அதற்காக முகவரிக் குறியை இட்டு &அ + &ஆ என்று எழுதவும் கூடாது. டக் மெக்கில்ராய் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு சொல்தான் இந்த வழியைக் காட்டியது என்று ஸ்ட்ரௌஸ்ட்ரப் பதிவு செய்திருக்கிறார்.

தொடக்கத்தில் ஒரு பிழையும் நேர்ந்தது. 1985இன் முதல் வெளியீட்டில், கான்ஸ்ட் இல்லாத ரெஃபரன்ஸைத் தற்காலிகப் பொருளோடும் பிணைக்க முடிந்தது. இன்ட் ரெஃபரன்ஸ் கேட்கும் செயற்கூறுக்கு டபுள் மாறியைக் கொடுத்தால், கம்பைலர் ஒரு தற்காலிக இன்டை உருவாக்கி அனுப்பும். செயற்கூறு அதைக் கூட்டி மாற்றும். அழைத்தவரின் டபுள் பழைய மதிப்போடு அப்படியே நிற்கும். 1989இன் இரண்டாம் வெளியீட்டில் இது தடுக்கப்பட்டது. அன்றிலிருந்து தற்காலிகப் பொருளை ரெஃபரன்ஸாக வாங்க விரும்பும் செயற்கூறு கான்ஸ்ட் போட்டே ஆக வேண்டும். எண்கணிதச் செயற்குறிகளின் கான்ஸ்ட் ஒழுங்கு முழுவதும் இந்த ஒரு விதியிலிருந்தே கிளைக்கிறது.

கூட்டற்குறியை ‘வெக்டர்& அ, வெக்டர்& ஆ’ என்ற அளபுருக்களோடு எழுதினால் அ + ஆ சரியாகவே ஓடும். அ + ஆ + இ என்றதும் நின்றுவிடும். முதல் கூட்டலின் விடை தற்காலிகப் பொருள். அது கான்ஸ்ட் இல்லாத ரெஃபரன்ஸில் பிணையாது. ஆனால் மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ கம்பைலர் நெடுங்காலமாக இனக்குழுப் பொருள்களுக்கு இதை ஒரு நீட்சியாக அனுமதித்துவந்தது. எச்சரிக்கை நிலையை 4க்கு உயர்த்தினால்தான் அது வாய் திறக்கும். விண்டோஸில் பல ஆண்டுகள் ஓடிய எண்கணித நூலகத்தை லினக்ஸுக்குக் கொண்டுவந்து ஜிசிசியில் தொகுத்ததும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பிழைச்செய்திகள் கொட்டுவதற்கு இது பழக்கமான காரணம்.

குறியை உறுப்புச் செயற்கூறாக எழுதினால் கான்ஸ்ட் இரண்டு இடத்தில் வர வேண்டும்: வலப்பக்கப் பொருளுக்கு அளபுருவில், இடப்பக்கப் பொருளுக்கு அடைப்புக்குறி மூடிய பிறகு. இரண்டாவதைத்தான் பலர் மறக்கிறார்கள். மறந்தால் கான்ஸ்ட் வெக்டர் ஒன்று குறியின் வலப்பக்கம் நிற்கலாம், இடப்பக்கம் நிற்க முடியாது. கூட்டலின் பரிமாற்றுப் பண்பு தொகுக்கும் கட்டத்திலேயே உடைந்துபோகிறது. குறியை இனக்குழுவுக்கு வெளியே எழுதினால் இரு பக்கமும் ஒரே நிலையில் நிற்கும், 2.0 * வி போன்ற கோவைகளுக்கு அது தவிர்க்கவும் முடியாதது. ஆகவே += மட்டும் உறுப்பாக இருந்து தன் பொருளை மாற்ற, + வெளியே நின்று அதைப் பயன்படுத்துவதே இன்று நிலைபெற்ற வழக்கம்.

இந்தக் கான்ஸ்ட் வெறும் சடங்கு அன்று என்பதை ஒருறுப்புக் கழித்தற்குறி நன்றாகக் காட்டும். −வி என்பதற்கு, வெக்டரின் ஒவ்வோர் உறுப்பையும் குறி மாற்றிவிட்டுத் தன்னையே திருப்பித் தருவது எழுதக் கை துறுதுறுக்கும் வழி. அப்படி எழுதினால் ப = −வி என்ற வரி வி என்பதையும் கெடுத்துவிடும். அடுத்த சுற்றில் குறி மீண்டும் புரளும். விடை ஒரு முறை சரியாகவும் மறுமுறை தவறாகவும் வரும். செயற்கூறின் வாலில் கான்ஸ்ட் இருந்தால் அந்த நிரல் தொகுப்பையே தாண்டாது.

திருப்பித் தரும் விடையின் வரலாறு வேறு. ஸ்காட் மையர்ஸ் 1992இல் வெளியிட்ட ‘எஃபெக்டிவ் சி++’ நூல், பெருக்கற்குறி கான்ஸ்ட் பொருளையே திருப்பித் தர வேண்டும் என்று அறிவுறுத்தியது. காரணம் வலுவானது. இனக்குழுப் பொருள்களில் (அ * ஆ) = இ என்று எழுத மொழி இடம் கொடுக்கிறது. நிபந்தனைக்குள் == எழுத நினைத்து = எழுதிவிட்டால், பெருக்கல்பலன் மேல் மதிப்பிருத்தல் நடந்து, அந்தப் பலன் உடனே மறைந்துபோகும். கான்ஸ்ட் விடை இதைத் தடுக்கும். ஒரு தலைமுறை நிரலாளர்கள் அப்படியே எழுதிப் பழகினார்கள். 2005இன் மூன்றாம் பதிப்பிலும் அந்த அறிவுரை இருந்தது.

2011இன் தரநிலை நகர்த்தல் முறையைக் கொண்டுவந்ததும் கணக்கு மாறியது. மறையப்போகும் பொருளின் உள்ளடக்கத்தை நகலெடுக்காமல் பறித்துக்கொள்வதே நகர்த்தல். பறிப்பதற்கு அந்தப் பொருள் மாறத்தக்கதாக இருக்க வேண்டும். கான்ஸ்ட் விடையிலிருந்து எதையும் பறிக்க முடியாது. 1000 × 1000 டபுள் அணி ஒன்று 80 லட்சம் பைட் பிடிக்கும். ஏற்கெனவே இருக்கும் ஈ என்ற அணிக்கு ஈ = அ + ஆ என்று எழுதும்போது, விடை கான்ஸ்ட் இல்லாதது என்றால் ஒரு சுட்டும் ஓரிரு அளவெண்களும் கைமாறுவதோடு வேலை முடியும். கான்ஸ்ட் என்றால் 80 லட்சம் பைட்டும் நகலாகும். கம்பைலர் எதுவும் சொல்லாது, விடையும் பிசகாது. நிரல் மெதுவாகும், அவ்வளவுதான். 2017இன் தரநிலை புதிதாக அறிவிக்கும் மாறிகளுக்கு இந்த நகலைத் தவிர்த்துவிட்டது. ஆனால் எண்கணித நிரல்களின் உட்சுற்றுகளில் நடப்பது பெரும்பாலும் பழைய மாறிக்குப் புதிய மதிப்பு. அங்கே அந்தச் சலுகை எட்டாது.

மையர்ஸ் அஞ்சிய தவறைத் தடுக்க 2011இன் தரநிலையே பொருத்தமான கருவியையும் தந்தது. மதிப்பிருத்தும் செயற்கூறின் வாலில் & இட்டால் அது நிலையான பொருள்கள் மேல் மட்டுமே செயல்படும்; (அ * ஆ) = இ பிழையாகிவிடும், நகர்த்தலும் கெடாது. தரநிலை நூலகத்தின் கலப்பெண் இனக்குழு இன்றும் இந்தக் குறியைப் போடவில்லை. அங்கே அந்த விபரீதக் கோவை தொகுப்பைத் தாண்டிவிடும். புதிதாக எழுதுபவர்கள் அதைப் பின்பற்றத் தேவையில்லை.

நகர்த்தலோடு ஒட்டிய இன்னொரு ஆசை உண்டு. அ + ஆ + இ + ஈ என்ற தொடரில் முதல் தற்காலிகத்தையே கடைசிவரை பயன்படுத்தினால் மூன்று தற்காலிக அணிகளுக்குப் பதிலாக ஓர் அணியே போதும். இதற்காகத் தற்காலிகத்தை && அளபுருவாக வாங்கும் தனி வடிவத்தை எழுதலாம்; எழுதவும் வேண்டும். ஆனால் விடையை && ஆகத் திருப்பித் தரக்கூடாது, மதிப்பாகவே தர வேண்டும். && ஆகத் தந்தால், பெற்றவர் அதை ரெஃபரன்ஸில் பிடித்துவைத்திருக்கும்போதே அடியிலுள்ள பொருள் அழிந்திருக்கும். தரநிலை நூலகத்தின் ஸ்ட்ரிங் இனக்குழுவின் கூட்டற்குறி வரைவுக் காலத்தில் இதே தடுமாற்றத்தைக் கடந்து, இறுதியில் மதிப்பையே தந்தது.

உறுப்பை எடுக்கும் குறியீட்டுக்கு இரண்டு வடிவம் வேண்டும்: கான்ஸ்ட் பொருளுக்குப் படிக்க, மற்றதற்கு எழுத. படிக்கும் வடிவம் மதிப்பைத் தரலாமா, கான்ஸ்ட் ரெஃபரன்ஸைத் தரலாமா என்பது சின்ன விஷயமாகத் தோன்றும். 1998இன் தரநிலையில் இருந்த வேலரே என்ற எண்வரிசை இனக்குழு மதிப்பைத்தான் தந்தது. விளைவாக, கான்ஸ்ட் வேலரே ஒன்றின் முதல் உறுப்பின் முகவரியை எடுத்துச் சி மொழி நூலகத்துக்கு அனுப்ப வழியே இல்லாமல் போனது. 2011இல் அதைக் கான்ஸ்ட் ரெஃபரன்ஸாகத் திருத்தினார்கள். ஒரே உடலை இரண்டு முறை எழுதும் தொல்லையை 2023இன் தரநிலை, பொருளையே வெளிப்படையான அளபுருவாக எழுத அனுமதித்துத் தீர்த்திருக்கிறது.

ஐதான அணிகளில் இந்த இரட்டை வடிவம் கூடுதல் சிக்கலைத் தருகிறது. அங்கே பூச்சியங்கள் சேமிக்கப்படுவதில்லை. எழுதுவதற்கான வடிவம், கேட்ட இடத்தில் உறுப்பு இல்லையென்றால் அதை உருவாக்கியாக வேண்டும். அணி கான்ஸ்ட் அல்லாததாக இருந்தால், படிப்பது மட்டுமே நோக்கமானாலும் கம்பைலர் எழுதும் வடிவத்தையே தேர்ந்தெடுக்கும். அப்போது ஒவ்வொரு வாசிப்பும் ஒரு பூச்சியத்தைச் சேமித்து, ஐதான அணி மெல்ல நிரம்பிக்கொண்டே போகும். ஐகன் நூலகம் இரண்டுக்கும் கோயெஃப், கோயெஃப்ரெஃப் என்று வேறுவேறு பெயர் வைத்து இதைத் தவிர்க்கிறது. குறியின் அழகைவிட இந்தத் தெளிவு மேலானது.

இனி, கான்ஸ்ட் காவல் காக்காத இடங்கள். கான்ஸ்ட் ரெஃபரன்ஸ் சொல்வது ஒன்றே ஒன்று: இந்தப் பெயரின் வழியாக எழுத மாட்டேன். அடியிலுள்ள மதிப்பு மாறாது என்று அது சொல்வதில்லை. சன்னல் கம்பி வழியே பார்ப்பவரால் வீட்டுக்குள் எதையும் தொட முடியாது. அதற்காக வீட்டுக்காரர் நாற்காலியை நகர்த்தாமல் இருக்க மாட்டார்.

வி என்ற வெக்டரில் 4, 8, 12 இருக்கின்றன. முதல் உறுப்பால் வகுத்து அளவிட வி /= வி[0] என்று எழுதப்படுகிறது; எதிர்பார்க்கும் விடை 1, 2, 3. வகுக்கும் குறி ‘கான்ஸ்ட் டபுள்& ச’ என்று அளபுருவை வாங்கி, ஒரு சுற்றில் ஒவ்வோர் உறுப்பையும் ச ஆல் வகுக்கிறது. இங்கே ச என்பது வி[0]தான். முதல் சுற்றில் 4ஐ 4 ஆல் வகுத்ததும் வி[0] 1 ஆகிறது. அந்தக் கணமே ச உம் 1 ஆகிவிடுகிறது. மீதி உறுப்புகள் 1 ஆல் வகுபடுகின்றன. கிடைப்பது 1, 8, 12. எச்சரிக்கை இல்லை, பிழைச்செய்தி இல்லை. கான்ஸ்ட் விதி ஒன்றுகூட மீறப்படவும் இல்லை. தரநிலை நூலகத்தின் வேலரேயில் உள்ள /= குறியும் தனி எண்ணைக் கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக வாங்குவதாகவே அறிவிக்கப்பட்டிருக்கிறது; நெறிமுறைச் செயற்கூறான ரிமூவுக்கு அதே தொகுப்பின் உறுப்பை அனுப்பினாலும் இதே பொறிதான்.

கலப்பெண்ணில் இது இன்னும் நுட்பமானது. பெருக்கி இருத்தும் குறியை எழுதுபவர், பழைய மெய்ப்பகுதியை முதலில் எடுத்துவைக்கிறார். புதிய மெய்ப்பகுதியைக் கணக்கிட்டு இருத்துகிறார். பிறகு எடுத்துவைத்ததைக் கொண்டு கற்பனைப்பகுதியைக் கணக்கிடுகிறார். வெவ்வேறு எண்களுக்கு இது சரி. 1 + 2i என்ற எண்ணைத் தன்னாலேயே பெருக்கும்போது, கற்பனைப்பகுதிக்குத் தேவைப்படும் வலப்பக்க எண்ணின் மெய்ப்பகுதி அதற்குள் −3 ஆகியிருக்கும். வர வேண்டியது −3 + 4i. வருவது −3 − 4i. இந்த எடுத்துக்காட்டில் மட்டு மதிப்பு இரண்டிலும் 5 என்பதால், அதை மட்டும் சோதிப்பவரும் ஏமாறுவார். இரு பகுதிகளையும் கணக்கிட்டு முடித்த பிறகே எதையும் இருத்துவது என்று வரிகளின் வரிசையை மாற்றினால் போதும்.

தனி எண்களுக்கு மருந்து எளிது: கான்ஸ்ட் ரெஃபரன்ஸை விட்டு மதிப்பாகவே வாங்குவது. இதில் வேகமும் கூடும். ச ரெஃபரன்ஸாக இருந்தால், உறுப்பில் எழுதிய ஒவ்வொரு முறையும் ச மாறியிருக்கலாம் என்று கம்பைலர் கருதியாக வேண்டும்; நினைவகத்திலிருந்து திரும்பப் படிக்கும், சுற்றை வெக்டர் கட்டளைகளாக மாற்றத் தயங்கும். கான்ஸ்ட் போட்டால் நிரல் வேகமாகும் என்ற பரவலான நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. லினக்ஸின் 64 பிட் எக்ஸ்86 அழைப்பு மரபில் 16 பைட் வரையிலான எளிய பொருள்கள் ரெஜிஸ்டரிலேயே போகும் என்பதால், டபுள் கலப்பெண்ணையும் மதிப்பாக அனுப்பலாம்.

அணிகளுக்கு அந்த வழி கட்டுப்படியாகாது. அ = அ * ஆ என்பதில் விடையின் முதல் உறுப்பை எழுதிய உடனே, அடுத்த உறுப்புகளுக்குத் தேவையான அ கெட்டுவிடும். அதனால் ஐகன், அணிப் பெருக்கலை இயல்பாகத் தற்காலிக அணியில் கணக்கிட்டுப் பிறகே இருத்துகிறது. இரு பெயர்கள் ஒரே நினைவிடத்தைக் குறிக்கும் மேற்படிதல் இல்லை என்று நிரலாளர் உறுதி தந்தால் மட்டும், நோஏலியஸ் வழியாக அதைத் தவிர்க்கிறது. அ என்பதற்கு அதன் இடமாற்று அணியை நேரடியாக இருத்தினால், பிழைதேடும் தொகுப்பில் நிரல் நின்று சொல்லும். வெளியீட்டுத் தொகுப்பில் தவறான விடையே வரும்.

ஃபோர்ட்ரான் இந்த இடத்தில் வேறு பாதையில் போனது. மாற்றப்படும் அளபுரு வேறொன்றோடு மேற்படியாது என்று கம்பைலர் கருதிக்கொள்ள அந்த மொழி அனுமதிக்கிறது. அதை மீறாமல் எழுதுவது நிரலாளர் பொறுப்பு. ஃபோர்ட்ரான் 90 பணிமிகுப்பை ஏற்றபோது, செயற்குறியாகப் பயன்படும் செயற்கூறின் அளபுருக்கள் உள்ளீடு மட்டுமே என்று அறிவிக்கப்பட வேண்டும் என்பதையும் விதியாக்கியது. சி++ நிரலாளரின் ஒழுக்கத்துக்கு விட்டதை ஃபோர்ட்ரான் இலக்கணத்திலேயே வைத்தது. எண்கணிதத்துக்கென்றே பிறந்த மொழிக்கு அது பொருத்தமான முடிவு. ரஸ்ட் இன்னும் ஒரு படி மேலே போகிறது: எழுதும் உரிமை ஒருவரிடம் இருக்கும்போது அதே பொருளைப் படிக்கும் ரெஃபரன்ஸ் இன்னொருவரிடம் இருக்க முடியாது.

தரவைத் தாமே வைத்திருக்காமல் சுட்டிக்காட்டும் பார்வைப் பொருள்களில் கான்ஸ்ட் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. 2020இல் வந்த ஸ்பானைக் கான்ஸ்ட் என்று அறிவித்தாலும், அது சுட்டும் எண்களை மாற்றலாம். எண்களைக் காக்க, உறுப்பு வகையிலேயே கான்ஸ்ட் வேண்டும். வேலரேயின் துண்டுப் பார்வைக்கு இருக்கும் மதிப்பிருத்தும் குறிகள் எல்லாம் கான்ஸ்ட் உறுப்புகள். பார்க்க முரணாகத் தெரிந்தாலும் காரணம் நேரானது: அவை துண்டை மாற்றுவதில்லை, துண்டு காட்டும் தரவை மாற்றுகின்றன. ஓப்பன்சிவி என்ற படச்செயலாக்க நூலகத்தின் மேட் பொருளைக் கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக வாங்கி இன்னொரு மாறிக்கு இருத்தினால் தலைப்புப் பகுதி மட்டுமே நகலாகும். புதிய மாறியில் எழுதுவது பழைய படத்தையே மாற்றும். ஐகனில் அணியின் ஒரு கட்டத்தைக் காட்டும் பார்வை தற்காலிகப் பொருளாகப் பிறப்பதால், அதை வெளியீட்டு அளபுருவாக அனுப்ப முடிவதில்லை. அதனால் கான்ஸ்ட் ரெஃபரன்ஸாக வாங்கி, உள்ளே கான்ஸ்டைக் கழற்றி எழுதும் வழியை ஐகனின் ஆவணமே கற்றுத்தருகிறது. தேவையால் வந்த வழிதான். ஆனால் கையொப்பத்தைப் படிப்பவருக்கு அது பொய் சொல்கிறது.

கோவை வார்ப்புருக்கள் ஆயுள் பற்றிய கேள்வியை எழுப்புகின்றன. டாட் வெல்டுஹைசன் 1995இல் இந்த முறையை விளக்கினார். டேவிட் வேன்டெவோர்டும் அதைத் தனியே கண்டடைந்தார். இதில் அ + ஆ உடனே கூட்டப்படுவதில்லை. இரண்டையும் நினைவில் வைத்த ஒரு கோவைப் பொருள் பிறக்கிறது, மதிப்பிருத்தும்போதுதான் சுற்று ஓடுகிறது. தற்காலிகத்தைக் கான்ஸ்ட் ரெஃபரன்ஸ் மாறியில் பிடித்தால் அதன் ஆயுள் நீளும் என்ற விதி பலருக்குத் தெரியும். அந்த நீட்டிப்பு, செயற்குறியின் அளபுரு வழியாக உள்ளே போய்க் கோவைப் பொருளின் உறுப்பாகச் சேமிக்கப்படும் ரெஃபரன்ஸுக்குக் கிடைக்காது. ஆட்டோ என்று வகையைக் கம்பைலரிடம் விட்டுக் கோவையை மாறியில் பிடித்தால், அரைப்புள்ளியோடு தற்காலிகங்கள் மறைந்திருக்கும்; மாறி வெற்று நினைவகத்தைச் சுட்டும். மாறியின் வகையை அணி என்றே எழுதினால் இந்த ஆபத்து இல்லை.

பல இழைகளில் ஓடும் நிரலில் கான்ஸ்டுக்கு இன்னொரு பொருளும் ஏறியிருக்கிறது. 2011க்குப் பின் தரநிலை நூலகம், கான்ஸ்ட் செயற்பாடுகளை ஒரே நேரத்தில் பல இழைகளிலிருந்து பூட்டின்றி அழைக்கலாம் என்று எதிர்பார்க்கிறது. அணியின் காரணிப்படுத்தலை, கான்ஸ்ட் பொருளிலும் மாறத்தக்க மியூட்டபிள் உறுப்பில் ஒளித்துவைத்துக் கான்ஸ்ட் பெருக்கலுக்குள் நிரப்பும் இனக்குழு, ஒற்றை இழையில் பிசகில்லாமல் ஓடும். இழைகள் பெருகும்போது இரண்டு கான்ஸ்ட் அழைப்புகள் ஒரே இடத்தில் எழுதி மோதும்.

விடுபட்ட கான்ஸ்டை மொழியே வெளிக்கொணர்ந்த மாற்றம் 2020இல், ஒப்பீட்டுக் குறியின் வழியாக வந்தது. அ == ஆ என்பதைக் கம்பைலர் இப்போது ஆ == அ என்று புரட்டியும் பார்க்கிறது. உறுப்பாக எழுதிய == குறியின் வாலில் கான்ஸ்ட் இல்லையென்றால், நேர் வடிவம் இடப்பக்கத்துக்கும் புரட்டிய வடிவம் வலப்பக்கத்துக்கும் பொருந்தி, எது மேல் என்று முடிவாகாமல் போகும். ஜிசிசியும் கிளாங்கும் எச்சரித்துவிட்டு நேர் வடிவத்தை ஏற்கின்றன. கூடவே பொருத்தமான != குறியும் எழுதப்பட்டிருந்தால் புரட்டிப் பார்க்க வேண்டாம் என்று பின்னர் விதி தளர்த்தப்பட்டது. பழைய எண்கணித நூலகங்களைப் புதிய தரநிலைக்கு ஏற்றுபவர்கள் இந்த எச்சரிக்கையை அடக்கிவைக்காமல், அது காட்டும் ஒவ்வோர் இனக்குழுவிலும் மற்றக் குறிகளின் வாலையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது; == குறியில் விட்டவர் பெரும்பாலும் கூட்டலிலும் கழித்தலிலும் விட்டிருப்பார்.